1500டி வாங்கியாச்சு, அடுத்து எந்த லென்ஸ், எந்த கார்டு?

அக்கா மகன் தை மாதம் ஒரு கேனான் 1500டி கேமராவைப் பழையதாக வாங்கினான். கூடவே வழக்கமான 18-55 கிட் லென்ஸும் (கேமராவோடு சேர்த்தே விற்கிற லென்ஸ்; எண்கள் மி.மீ. கணக்கு, எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும்), பையின் ஓரத்தில் பேர் தெரியாத கம்பெனியின் மெமரி கார்டு ஒன்றும் வந்தன. மூன்று மாதம் படமாக எடுத்துத் தள்ளிவிட்டு, சித்திரை பிறந்ததும் போன் செய்தான். "மாமா, கையில 20,000 ரூபா சேத்து வெச்சிருக்கேன். 55-250 வாங்கட்டா, 50 வாங்கட்டா? இல்ல, கழட்டி மாட்டுற தொல்லையே இல்லாம 18-200 ஒண்ணே வாங்கிடட்டா? அப்புறம் கார்டு பெருசா 128 ஜிபி ஒண்ணு."

அவன் வீடு செங்கல்பட்டில். வேடந்தாங்கல் பைக்கில் போய்வரும் தூரம்தான். வீட்டில் ஆட்கள் அதிகம், அதனால் விசேஷங்களும் அதிகம். ஆக அவனுக்குப் பறவையும் வேண்டும், வீட்டு மனிதர்களும் வேண்டும். புதிதாக எஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாட்டும் இந்த வகைக் கேமரா) வாங்கிய முக்கால்வாசிப் பேரின் நிலை இதுதான். அதனால்தான் அவனுக்குச் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பதில் சொல்வதற்கு முன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எந்த ஃபோகல் லெங்த்தில் (அந்த மி.மீ. எண்), எந்த அபர்ச்சரில் (லென்ஸின் வாய் திறந்திருக்கும் அளவு), என்ன ஷட்டர் வேகத்தில் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) எடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து விவரங்களைப் பார்த்தாலே தெரியும். ஒரு காதுகுத்து, இரண்டு வேடந்தாங்கல் பயணம், மற்றபடி வீட்டில் எடுத்தவை என்று இருநூறு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கிட்டத்தட்ட எல்லாமே ஒன்று 18-இல் இருந்தன, இல்லாவிட்டால் 55-இல். நடுவில் நின்றவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜூம் வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பியிருக்கிறான், அவ்வளவுதான்.

18-இல் எடுத்தவற்றில் பெரிய குறை இல்லை. கோயில் மண்டபம், கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவது, தெரு. 55-இல் எடுத்தவைதான் இரண்டு விதமாகக் கெட்டுப்போயிருந்தன. பறவைப் படங்களில் பறவை புள்ளியாக இருந்தது. முகங்களை எடுத்த படங்கள் கலங்கியிருந்தன. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. ஒரே லென்ஸில் இரண்டையும் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிற இடத்தில்தான் காசு வீணாகிறது.

முதலில் அந்தக் காதுகுத்துப் படம். குழந்தை தாய்மாமன் மடியில். ஆசாரி கம்பியைக் காதருகே கொண்டுவந்துவிட்டார். குழந்தை வாயைத் திறந்து அலறத் தொடங்கும் அந்த நொடி. பையன் சரியான நேரத்தில் பட்டனை அழுத்தியிருக்கிறான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தாய்மாமன் சட்டைப்பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப் பளிச்சென்று இருக்க, குழந்தையின் முகம் மட்டும் தண்ணீரில் கரைந்த மாதிரி இழுபட்டிருந்தது. விவரம் பார்த்தால்: 55 மி.மீ., எஃப்/5.6, ஷட்டர் 1/25 நொடி, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 6400.

கிட் லென்ஸில் 'ஐஎஸ்' என்று எழுதியிருக்கிறதே, அது கைநடுக்கத்தைச் சமாளிக்குமே என்று கேட்டான். சமாளித்திருக்கிறது, பேனா கிளிப் தெளிவாக இருப்பதே அதற்குச் சாட்சி. ஐஎஸ் ஈடுகட்டுவது நம் கையின் ஆட்டத்தை மட்டும்தான். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். மண்டபத்திலோ இரண்டு டியூப்லைட்தான். ஐஎஸ்ஓவை இனி ஏற்றவும் வழியில்லை. 1500டி இயல்பாகப் போகிற உச்சமே 6400தான், அதற்கு மேல் 12800 என்று ஒன்று இருந்தாலும் படம் மணல் கொட்டின மாதிரி ஆகிவிடும். மிச்சம் இருப்பது லென்ஸின் வாயை அகலத் திறப்பது ஒன்றுதான்.

எஃப் எண் குறையக் குறைய வாய் அகலம். 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் அது எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. கேனானின் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 1.8 வரை திறக்கும். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். உள்ளே வரும் வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கத்தில் மாறும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய பத்து மடங்கு. 1/25-இல் கலங்கிய அதே படத்தை, அதே டியூப்லைட்டில், 1/250-இல் எடுத்திருக்கலாம். குழந்தையின் கண்ணீர்கூட உறைந்து நின்றிருக்கும்.

இந்த 50 மி.மீ. லென்ஸ் புது ஆட்களின் செல்லப்பிள்ளை ஆனது இதனால்தான். 1990-இல் வந்த பழைய வடிவம் பிளாஸ்டிக் மவுண்ட்டோடு (கேமராவில் மாட்டுகிற வளையம்), ஃபோகஸ் செய்யும்போது சத்தம் போட்டுக்கொண்டு, 25 வருடம் ஓடியது. 2015-இல் வந்த எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார் என்பதன் சுருக்கம்) வடிவத்தில் மவுண்ட் உலோகம், மோட்டார் சத்தம் குறைவு, 35 செ.மீ. வரை கிட்டே போகலாம், எடை 160 கிராம்தான். புதிதாகவே 10,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பழையதாகத் தேடுகிறவர்கள் 1990 வடிவத்தை விட்டுவிட்டு எஸ்டிஎம்மையே பாருங்கள். விலை வித்தியாசம் அந்தச் சத்தத்துக்குத் தகாது.

சரி, அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு 50 வாங்கிவிடலாமா? இதில் பலரும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. 1500டி-யின் சென்சார் (படம் பதிகிற சில்லு) பழைய ஃபிலிமைவிடச் சின்னது, 22.3 மி.மீ. அகலம். அதில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால் ஃபிலிம் காலத்து 80 மி.மீ. போல நெருக்கமாகத் தெரியும். நம் வீட்டுக் கூடம் பத்தடிக்குப் பத்தடி. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் எதிர்ச்சுவர் 3 மீட்டரில் இருக்கும். அந்தத் தூரத்தில் 50-இன் கட்டத்துக்குள் வருவது சுமார் 1.3 மீட்டர் அகலம், அதாவது தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால் மூன்று பேர். சமையலறையில் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் கிடைப்பது 67 செ.மீ. அம்மாவின் முகமும் தோளும் வரும், அடுப்பு வராது.

இதை வாங்காமலே சோதித்துப் பார்க்கலாம். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 55-க்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, அதன் மேல் செலோ டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படியே எடுங்கள். எத்தனை தடவை டேப்பைப் பிய்த்தெறிய வேண்டும் என்று தோன்றியது என்பதைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கு கேனானின் 24 மி.மீ. எஃப்/2.8 இருக்கிறது. ஆப்பம் மாதிரி தட்டையான லென்ஸ், 125 கிராம். கூடத்தில் அதே 3 மீட்டரில் ஏறக்குறைய 2.8 மீட்டர் அகலம் தரும், சோஃபா முழுக்க வந்துவிடும். தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க இதைவிடச் சுகமான லென்ஸ் கேனானில் இல்லை என்பேன். ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறது. கிட் லென்ஸ் 55-இல்தான் 5.6 என்று சுருங்குகிறது. 24-க்குக் கொண்டுவந்தால் அதுவே எஃப்/4 அளவில் திறக்கும். 4-இலிருந்து 2.8 என்பது வெறும் இரண்டு மடங்கு வெளிச்சம். அதோடு 24 மி.மீ. லென்ஸில் ஐஎஸ் கிடையாது. ஆக, இருட்டுக்காக லென்ஸ் தேடுகிறவருக்கு 24 பெரிதாக ஒன்றும் தந்துவிடாது. அதை வாங்கினால் அதன் சின்ன உருவத்துக்காக வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில், 35 மி.மீ. எஃப்/1.8 என்று ஒன்று இருந்தால் நம் வீடுகளுக்குக் கச்சிதமாக இருக்குமே என்று தோன்றும். நிக்கான்காரர்களிடம் இருக்கிறது. 2009-இலேயே டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8 என்று மலிவாக ஒன்றை அவர்கள் கொண்டுவந்துவிட்டார்கள். டி3500, டி5600 வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் மறுபேச்சில்லாமல் அதைத்தான் சொல்வேன். கேனானில் அந்த விலையில் அந்த இடம் காலி. சிக்மாவின் 30 மி.மீ. எஃப்/1.4 அருமையான லென்ஸ், ஆனால் மாப்பிள்ளையின் பட்ஜெட் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும்.

நிக்கான் பக்கம் போனதால் ஒரு எச்சரிக்கை. டி3500, டி5600 வகை கேமரா உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8டி-யை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். பெயரில் 'ஏஎஃப்-எஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். 'ஏஎஃப்-பி' லென்ஸ்களிலோ சிக்கல் தலைகீழ்: அவை டி3100, டி3200, டி5100 போன்ற முந்தைய உடல்களில் ஃபோகஸே செய்யாது. கேனானில் இந்தத் தலைவலி இல்லை. 1987-இலிருந்து வந்த ஈஎஃப் லென்ஸ் எதுவானாலும் 1500டி-யில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் ஓடும்.

இப்போது பறவைக்கு வருவோம். வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். பறவைகள் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். மஞ்சள்மூக்கு நாரை ஒன்று 60 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உயரம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். 55 மி.மீ.-இல் அந்தத் தூரத்தில் கட்டத்தின் உயரம் 16 மீட்டர், நாரை அதில் பதினாறில் ஒரு பங்கு. பையனின் படத்தில் புள்ளியாகத் தெரிந்தது அதனால்தான். 250 மி.மீ.-இல் கட்டத்தின் உயரம் 3.6 மீட்டராகக் குறையும். நாரை கால்வாசிக்கு மேல் வந்துவிடும். வீட்டில் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்தால் சுவரில் மாட்டுகிற படம் ஆகிவிடும். கூழைக்கடாவுக்கும் இது போதும். மீன்கொத்தி, தேன்சிட்டு என்று சின்னதுகளின் பின்னால் போகிறவருக்கு 250 போதாது. அதற்கு 150-600 என்று வேறு உலகம், வேறு விலை. அந்தப் பேச்சை இப்போது எடுக்கவில்லை, அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.

55-250 எஸ்டிஎம் 2013-இல் வந்தது. 375 கிராம்தான், அந்த விலைக்கு அது தருகிற தெளிவு ஆச்சரியம். ஆனால் இதுவும் நீட்டினால் எஃப்/5.6தான். காதுகுத்து மண்டபத்தில் இதைக் கொண்டுபோனால் பழைய கதையேதான், இன்னும் மோசமாக. வெயிலுக்கான லென்ஸ் இது. காலை வெயிலில் 1/800 வைத்து எடுத்தால் இறக்கையின் ஒவ்வொரு இறகும் நிற்கும். மாலை ஐந்தரைக்கு மேல் பையில் போட்டுவிடலாம்.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 75-300 என்று ஒரு கேனான் லென்ஸ் இன்னும் மலிவாகக் கிடைக்கும். 300, 250-ஐவிடப் பெரிய எண்தானே என்று தோன்றும். அதில் ஐஎஸ் கிடையாது. 1500டி-யில் 300 மி.மீ. என்றால் கையில் பிடித்து எடுக்க 1/500-க்குக் குறையாமல் ஷட்டர் வேண்டும், கொஞ்சம் மேகம் போட்டாலும் அது கிடைக்காது. படமும் மங்கல். லென்ஸின் கழுத்தில் 'ஐஎஸ்' என்ற எழுத்து இல்லையென்றால், தொலைதூர ஜூம் எதையும் இந்த விலையில் தொடாதீர்கள்.

18-200 பற்றி அவனுக்கு ஆசை அதிகம் இருந்தது. எல்லாம் ஒரே லென்ஸில், கழற்ற வேண்டாம், தூசி போகாது. டாம்ரான் கம்பெனியில் 18-400 வரைகூட ஒன்று உண்டு. நான் இவற்றை வெறுக்கிறவன் இல்லை. காசிக்குப் போன என் மாமனாருக்கு நானேதான் ஒன்றைச் சொன்னேன். படகில் உட்கார்ந்துகொண்டு லென்ஸ் மாற்றுகிற வயது அவருக்கு இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் இரண்டு நோய்களில் ஒன்றுக்கு இது பாதி மருந்து, இன்னொன்றுக்கு மருந்தே இல்லை. 200 என்பது 250-ஐவிடக் குறைவு, இருட்டிலோ கிட் லென்ஸுக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. ஏற்கெனவே கையில் இருக்கிற 18-55-ஐ மறுபடியும் காசு கொடுத்து வாங்குவது போலத்தான். கேமராவை லென்ஸ் இல்லாமல் உடல் மட்டும் வாங்கியவர் என்றால் யோசிக்கலாம்.

கோபுரத்தை முழுக்க எடுக்க 10-18 வேண்டாமா என்று நடுவில் ஒரு கேள்வி வந்தது. நல்ல லென்ஸ், இரண்டாவது வருடம் பார்க்கலாம் என்றேன். கோபுரத்துக்கு இன்னும் பத்தடி பின்னால் போகலாம்.

ஆக, கடைசியில் நின்றது 50-உம் 55-250-உம். எதை முதலில்? இதற்கு பஞ்சாங்கம்தான் பதில் சொன்னது. வேடந்தாங்கல் சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச்சோடு முடிகிறது. நாங்கள் பேசியது சித்திரையில், பறவைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. இப்போது 250 வாங்கினால் ஆறு மாதம் பீரோவில் தூங்கும். வைகாசியிலோ கல்யாணம், காதுகுத்து என்று வரிசையாக நிற்கிறது. 50-ஐ இப்போது புதிதாக வாங்கு, 55-250 எஸ்டிஎம்மை ஐப்பசிக்குள் பழையதாகத் தேடிப் பிடி என்றேன். புதுக் கேமராவோடு ஜோடியாக வாங்கியவர்கள் பலர் இந்த லென்ஸைத் தொடாமலே விற்கிறார்கள். மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) மாறுகிறவர்களும் விற்கிறார்கள். நாளைக்கு இவனே மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் கேனானின் அடாப்டர் ஒன்றைப் போட்டு இரண்டையும் அதில் மாட்டிக்கொள்ளலாம்.

50 வாங்குகிறவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு. முதல் வாரம் எல்லாப் படமும் அவுட் ஆஃப் ஃபோகஸ் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். 1.8-இல் ஒரு மீட்டர் தூரத்து முகத்தை எடுத்தால், தெளிவாக இருக்கிற ஆழம் மொத்தமே இரண்டே முக்கால் செ.மீ.தான். மூக்குத்தி பளிச்சென்று இருக்கும், கண் மங்கியிருக்கும். கேமரா தானாகப் புள்ளி தேர்ந்தெடுக்க விடாமல், நடுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணில் குறி வையுங்கள். அபர்ச்சரை 2.5-க்கு மூடினால் பாதிப் பிரச்சினை போய்விடும், வெளிச்சம் அப்போதும் கிட் லென்ஸைவிட ஐந்து மடங்கு.

பழைய லென்ஸ் வாங்கும்போது முன்பக்கக் கீறலைப் பார்ப்பதைவிடப் பூஞ்சையைப் பாருங்கள். இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, பின்பக்கம் மொபைல் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து தெரிந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். இந்தக் கடலோரக் காற்றில் அது வருவது சுலபம். என் முதல் 50 மி.மீ. லென்ஸை ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல் உறைக்குள், துணி பீரோவில் வைத்திருந்தேன். தையில் எடுத்துப் பார்த்தபோது கண்ணாடியில் கோலம் போட்டிருந்தது. அதற்கப்புறம் எல்லாமே காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடுதான். அரிசி போட்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அரிசியின் தூசி லென்ஸுக்குள் போகும்.

இனி கார்டு. லென்ஸில் யோசிக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை, ஆனால் ஏமாறுவதற்கு இதில்தான் வழி அதிகம்.

எஸ்டி கார்டின் மேல் ஒரு ஊர்த் திருவிழா போஸ்டர் அளவுக்கு எழுத்துகள் இருக்கும். வட்டத்துக்குள் 10 என்றால், எழுதும் வேகம் எப்போதும் நொடிக்கு 10 எம்பிக்குக் கீழே போகாது என்று அர்த்தம். யு எழுத்துக்குள் 1 என்றாலும் அதே 10தான். யு-வுக்குள் 3, அல்லது வி30 என்றால் 30 எம்பி. ஏ1, ஏ2 என்பவை மொபைலில் ஆப் ஓட்டுவதற்கான குறிகள், கேமராவுக்குச் சம்பந்தமில்லை. '170', '200' என்று பெரிதாகப் போட்டிருப்பது படிக்கும் வேகம், அதாவது கணினிக்கு மாற்றும்போது வருவது. அதுவும் சாதாரண ரீடரில் வராது. யுஎச்எஸ்-1 என்ற தரத்தின் உச்சமே நொடிக்கு 104 எம்பி. அதைத் தாண்ட அந்தந்தக் கம்பெனியின் ரீடரே வேண்டும்.

1500டி-க்கு என்ன வேண்டும்? அதன் முழு எச்டி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 340 எம்பி எழுதும், நொடிக்கு 6 எம்பிகூட இல்லை. சாதாரண கிளாஸ் 10 கார்டே தாராளம். ஃபோட்டோவிலும் இது நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். ராவில் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) பத்துப் பதினோரு படம் தொடர்ந்து அடித்தால் உள்நினைவு நிரம்பி நின்றுவிடும், அப்போது வேகமான கார்டு இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் விடுபடும். அவ்வளவுதான் பலன். 4கே எடுக்கிற கேனான் 200டி மார்க் 2 வைத்திருப்பவர் கதை வேறு. அது நொடிக்கு 15 எம்பி எழுதும், அதற்கு யு3 வேண்டும். பின்பக்கம் இரண்டு வரிசைக் கால்கள் உள்ள விலை உயர்ந்த யுஎச்எஸ்-2 கார்டுகள் இந்தக் கேமராக்களில் வேலை செய்யும், ஆனால் ஒரு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு. மீதிக் காசு வீண்.

அளவைப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் ரா படம் ஒன்று சுமார் 30 எம்பி, ஜேபெக் 8 எம்பியை ஒட்டி. 32 ஜிபியில் ரா மட்டும் ஏறக்குறைய 1,000 படம் பிடிக்கும். 1500டி-யின் பேட்டரி முழு சார்ஜில் 500 படம் தரும் என்று கேனான் சொல்கிறது. அதாவது 32 ஜிபி நிரம்புவதற்குள் பேட்டரி இரண்டு தடவை காலியாகும். 128 ஜிபி எதற்கு? மாப்பிள்ளை கேட்ட 128-க்குப் பதில் இரண்டு 32 போதும் என்றேன். வீடியோ அதிகம் எடுக்கிறவர் இரண்டு 64 வாங்கலாம். நம் கேமராக்களில் கார்டு போட ஒரே ஒரு பள்ளம்தான். அந்த ஒன்று செத்தால் அன்றைய விசேஷம் முழுக்கப் போயிற்று. இரண்டாகப் பிரித்து வைத்தால், தாலி கட்டுவது ஒன்றிலும் பந்தி இன்னொன்றிலும் இருக்கும். போனாலும் ஒன்றுதான் போகும். இன்னொன்று, 128 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் அதைக் காலி செய்யவே மாட்டார்கள். ஒரு வருடப் படமும் அதற்குள்ளேயே கிடக்கும், காப்பி எங்கும் இருக்காது.

யாராவது தாத்தா காலத்து எஸ்எல்ஆர் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்திருந்தால், 64 ஜிபி வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டும். 32-க்கு மேற்பட்டவை எஸ்டிஎக்ஸ்சி என்ற வகை. அந்தத் தரம் வந்ததே 2009-இல். அதற்கு முந்தைய கேமராக்கள் அதை ஏற்காது.

மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிப் போடலாமே என்றால், போடலாம், ஓடும். ஆனால் பழுதாகக்கூடிய தொடர்பு ஒன்று கூடுகிறது. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்கு வேண்டாம்.

இப்போது என் சொந்த வயிற்றெரிச்சல். சில வருடத்துக்கு முன் ஒரு கடையில், பில் இல்லாமல், பாதி விலைக்கு ஒரு 64 ஜிபி கார்டு வாங்கினேன். அட்டை, அச்சு எல்லாம் அசல் போலவே. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு கல்யாணத்தில் முந்நூறு படத்துக்கு மேல் எடுத்துவிட்டு வீட்டில் திறந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாமே பாதிச் சாம்பல் நிறம். சில கோப்புகள் திறக்கவே இல்லை. உள்ளே இருந்தது 8 ஜிபி சில்லுதான். கேமரா கேட்டால் 64 என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதம் மாட்டாமல் இருந்ததற்குக் காரணம், நான் ஒருநாளும் 8-ஐத் தாண்டாததுதான்.

அன்றிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும் முதல் வேலையாக அதைக் கணினியில் போட்டு முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். இதற்கென்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 32 ஜிபிக்கு அரைமணி, முக்கால்மணி ஆகலாம், பரவாயில்லை, பின்னால் ஓடட்டும். மாப்பிள்ளையின் கேமராவோடு வந்த அந்தப் பேரில்லாத கார்டையும் போட்டுப் பார்த்தோம். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் எழுதாமல் பூட்டும் குட்டித் தாழ்ப்பாள் லொடலொடவென்று ஆடியது. செருகும்போது அதுவே கீழே இறங்கிவிடும், கேமரா 'கார்டு பூட்டியிருக்கிறது' என்று சொல்லி எடுக்க மறுக்கும். பள்ளத்தில் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டினால் தற்காலிகமாகச் சரியாகும். ஒட்டிக் கொடுத்தேன், ஆனால் விசேஷத்துக்குக் கொண்டுபோகாதே என்றும் சொன்னேன்.

படங்களைக் கணினிக்கும் இன்னொரு ஹார்ட் டிஸ்குக்கும் மாற்றிய பிறகு, கார்டைக் கேமராவிலேயே வைத்து ஃபார்மட் செய்வது நல்லது. தவறிப்போய் அழித்துவிட்டால், அடுத்து ஒரு படம்கூட எடுக்காமல் கார்டை வெளியே உருவிவிடுங்கள். மேலே எழுதாதவரை, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் பெரும்பாலும் மீட்டுத் தந்துவிடும்.

பையன் 50-உம், பெயருள்ள கம்பெனியின் 32 ஜிபி கார்டு இரண்டும் பில்லோடு வாங்கினான். மீதிக் காசு ஐப்பசிக்காகக் காத்திருக்கிறது. அடுத்த ஞாயிறு ஒரு படம் அனுப்பியிருந்தான். சமையலறையில் அக்கா, நெற்றியில் வியர்வை, பின்னால் ஜன்னல் வெளிச்சம் கரைந்து நிற்கிறது. எஃப்/2.5, 1/200. அதை எடுக்க அவன் பின்வாசலைத் தாண்டி, துவைக்கிற கல் மேல் ஏறி நின்றானாம். அக்காவுக்குப் படம் பிடித்திருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அது சரிடா, புது இட்லிப் பானையத்தானே எடுக்கச் சொன்னேன், அது எங்க?"